பெற்ற பிள்ளைக்குப் பூசும் களிம்பு

சிஞ்ச்வட், புனே
12.8.2004

ஹமீது காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே மழை விடவேயில்லை. துணி காய்வதில்லை. மற்றபடி நாங்கள் இருக்கிறோம். உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை.

மர்ஜானாவின் கரப்பானுக்கு நீங்கள் செய்து அனுப்பிய களிம்பை ஒரு வருடமாகப் பூசினேன். “ஸ்டீராய்டு துளியும் இல்லை, சுத்த மூலிகை” என்று டப்பாவில் அச்சடித்திருக்கிறீர்கள். பூசினால் உடனே அடங்கும்; நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். போன மாதம் தோல் டாக்டரம்மா அவள் முழங்கை மடிப்பைப் பார்த்தார். நாலு வயதுப் பிள்ளைக்குத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து நரம்பு தெரிகிறது. நீங்கள் பூசும் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது, யார் கொடுத்தது என்று இந்தியில் அதட்டினார். கூடப்பிறந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போனில் உங்களிடம் கேட்டபோது சிரித்தீர்கள். “லேசாத்தான் கலக்குறேன் பானு. இல்லாட்டி எவன் ரெண்டாவது டப்பா வாங்குவான்? மச்சான் உன்னைத் தூண்டிவிடுறாரா?” என்று என் வீட்டுக்காரரையும் இழுத்தீர்கள்.

நிஜமாகவே ஸ்டீராய்டு இல்லாதவற்றை வாங்கிப் பார்த்தேன். ஜிங்க் களிம்பு வெள்ளையாக அப்பிக்கொண்டு தோலை இன்னும் வறட்டியது. பெட்ரோலியம் ஜெல்லி அரிப்பைக் கொஞ்சம் தணித்தது, புண்ணை ஆற்றவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த டாக்ரோலிமஸ் என்ற புது மருந்து முதல் வாரம் தீயாக எரிந்தது. “உம்மா, இது வேணாம், மாமா மருந்து போடு” என்று பிள்ளை என் முடியைப் பிடித்து இழுத்துக் கத்தினாள். உங்கள் மருந்தைக் கேட்டு அழுதாள், காக்கா. இப்போது புண் ஆறுகிறது. மெலிந்த தோல் பழையபடி ஆகுமா என்றால் டாக்டரம்மா பார்க்கலாம் என்கிறார்.

பெருநாளைக்கு நீங்கள் இங்கே வர வேண்டாம். காரணத்தை உம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

நேற்று மதினி போன் செய்தாள். உங்கள் கைக்குழந்தையின் கன்னத்தில் தடிப்பாம், அதே களிம்பைத்தான் பூசுகிறாளாம். பதறிப்போய் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. “பெத்த பிள்ளைக்குப் பூசுறதைப் பாத்துக்கிட்டு அவங்க சும்மா இருப்பாங்களா?” என்று என்னையே கோபித்துக்கொண்டாள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். இன்றைக்கே அவளிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்தப் பிஞ்சு முகத்தை அல்லாஹ் காப்பாற்றட்டும்.

அக்தர் பானு