பின்னால் நீ வராத சாலை

உன் டூல்ஸ் பையின் ஜிப் துருவேறி இறுகிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, பல்லால் கடித்து இழுத்துத்தான் திறந்தேன். குப்பென்று ஒரு வாடை. உப்பும் இரும்பும் சேர்ந்து ஊறிப்போன வாடை. உள்ளே நீ உப்பு கட்டி வைத்த துணி முடிச்சு, சொதசொதவென்று ஸ்பேனரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கருமம், மறுபடியும் உப்பை இரும்போடயா வச்சே? ஒரு தடவை பட்டது போதாதா உனக்கு? வாய்விட்டே திட்டிவிட்டேன். திட்டு வாங்கிக்கொள்ள நீ இல்லை.

பையைக் கொண்டுவந்து கொடுத்தது உன் பெண்டாட்டி ஸ்டெல்லாதான். நீ போனதிலிருந்து உன் சாமான் எதையும் அவள் வெளியே விட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தாள். "வேதாரண்யம் போறீங்களாமே. இத வச்சிக்கோங்கண்ணா." நான் சைக்கிளைத் துடைத்ததைப் பார்த்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானோ போக வேண்டாம் என்று அதற்கு முந்தின நாள்தான் முடிவு பண்ணியிருந்தேன்.

மரக்காணம் உப்பளத்திலிருந்து வேதாரண்யம் உப்பளம் வரைக்கும் சைக்கிளில் போவது என்பது உன் யோசனை. "நம்ம உப்பு ஒரு புடி அங்க போட்டுட்டு, அவங்க உப்பு ஒரு புடி எடுத்தாந்துடணும்டா. சம்பந்தம் பண்ணிக்கிற மாதிரி" என்றாய். நீ அளத்தில் மேஸ்திரி. நான் வானூரில் ஜெராக்ஸ் கடை. இரண்டு பேருக்கும் தொப்பை. உப்புக் குவியலுக்கெல்லாம் கீற்று போட்டு மூடியதற்கும் முதல் மழைக்கும் நடுவில் உனக்குக் கிடைக்கிற சில நாள்தான் நமக்குக் கணக்கு. அதற்காக வருஷம் பூராவும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளியனூருக்கும் அனுமந்தைக்கும் ஓட்டினோம். கேரியரில் அரிசி மூட்டை கட்டி ஏற்றிப் பழகினோம். சொந்தமாகப் பங்சர் ஒட்டக் கற்றுக்கொண்டோம். ஊர் சிரித்தது, சிரிக்கட்டும் என்றாய்.

எனக்கு ஈ.சி.ஆர். ரோடு என்றாலே பயம், உனக்குத் தெரியும். பின்னால் லாரி சத்தம் கேட்டால் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன், சைக்கிள் நடு ரோட்டுக்கே போகும். நீதான் ஒரு வழி சொன்னாய். "நீ முன்னாடி போ. பின்னாடி நான் பாத்துக்கறேன். திரும்பிப் பாக்காத." அன்றிலிருந்து உன் குரல்தான் எனக்குக் கண். "பஸ்ஸூ..." என்று நீ இழுத்தால் இன்னும் தூரத்தில் வருகிறது. "லாரி, ஓரம்!" என்று வெட்டினால் வந்தேவிட்டது. ஏறி உட்காருமுன் ஒவ்வொரு தடவையும் சிலுவை போட்டுக்கொள்வாய். பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை கிளம்பிக் கடலூரைக்கூடத் தாண்டவில்லை. ஆற்றுப் பாலத்து இறக்கத்தில் பின்னாலிருந்து உன் குரல், "டேய், பிரேக் புடுங்கிக்கிச்சுடா!" பின் பிரேக் கிறீச்சிட, என்னைத் தாண்டிப் போய், ரோட்டோரம் கொட்டி வைத்திருந்த மணலில் விழுந்தாய். உயிரே போய்விட்டது எனக்கு. ஓடிப்போய்ப் பார்த்தால், ஹேண்டில்பாரில் நீ மாசக்கணக்காகத் தொங்கவிட்டிருந்த உப்பு முடிச்சு தண்ணீர் விட்டு, அது முன் பிரேக் ஒயரில் இறங்கி, ஒயரை அரித்தே தீர்த்திருக்கிறது. "உப்புலயே பொறந்து வளந்தவன், எனக்குத் தெரியலையேடா" என்று மணலில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாய். அளத்தில் மலை மலையாகக் குவித்து மூடுகிறவனுக்கு, ஒரு பிடி உப்பு என்ன பண்ணிவிடும் என்ற நினைப்பு. ஒரு மினி வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அடுத்த வருஷம் போகலாம் என்றாய்.

அடுத்த வருஷம் குவியலை மூடும் முன்பே நீ போய்விட்டாய். எத்தனை லாரி உன்னை உரசிக்கொண்டு போயிருக்கும்! வீட்டில், நாற்காலியில், கையில் டீ டம்ளரோடு போனாயேடா.

இந்த வருஷம் போயே தீர்வது என்று சைக்கிளை எடுத்தேன். அனுமந்தைவரை தனியாக ஓட்டிப் பார்த்தேன். முதுகு முழுக்கப் பயம். காற்று அடித்தாலும் லாரி மாதிரி கேட்டது. ஒரு ஹாரன் சத்தத்துக்கு சைக்கிளோடு முள்ளுக்குள் இறங்கிவிட்டேன். மீன் கூடையோடு நின்றிருந்த ஒரு அம்மா கேட்டது: "ஏம்பா, பஸ்ஸு அந்தாண்ட போவுது. நீ ஏன் முள்ளுல பூந்துக்கினே?" சிரிக்க முடியவில்லை. ஊர்வரை தள்ளிக்கொண்டே வந்து, இது நமக்கு வேண்டாம் என்று சைக்கிளைச் சுவரில் சாத்தினேன்.

இதைத்தான் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "பின்னாடி ஆள் இல்லாம என்னால முடியாதும்மா. அவனுக்கு இருந்த தைரியம் எனக்கு ஏது?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீ போனதற்கப்புறம் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "தைரியமா? அவருக்கா? நல்லா சொன்னீங்க. ஞாயித்துக்கெழமை ஆனா அவருக்கு இட்லி எறங்காது. லாரின்னா அவ்ளோ பயம். 'அப்புறம் ஏன்யா நீ பின்னாடி போறே'ன்னு கேட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'அவன் என்ன விட பயந்தாங்கொள்ளிடீ. வர்ற லாரி மொதல்ல என்கிட்ட வரட்டும்'னாரு."

அடப்பாவி. இத்தனை வருஷம் பழகி ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ. அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபமும் வந்தது. சொல்லியிருந்தால் மாற்றி மாற்றிப் போயிருக்கலாமே என்றிருந்தது.

இன்று காலை மறுபடி அனுமந்தை ரோட்டில் ஏறினேன். பாதி வழியில் பின்னால் லாரி. அதே பயம். யாரும் இல்லாத ரோட்டில் என் வாய் தானாகக் கத்தியது: "லாரி, ஓரம்!" நீ வெட்டுகிற அதே வெட்டு. ஒதுங்கினேன். லாரி போனது. இந்தத் தடவை முள்ளுக்குள் இறங்கவில்லை.

திரும்பும் வழியில் உன் அளத்தில் நின்று புதிதாக ஒரு பிடி உப்பு வாங்கினேன். மூடி போட்ட டப்பாவில் போட்டு, எந்த ஒயருக்கும் பக்கத்தில் இல்லாமல், கேரியரில், எனக்குப் பின்னால் கட்டியிருக்கிறேன். மழை இன்னும் இறங்கவில்லை. விடிந்தால் கிளம்புகிறேன். பயமாத்தான்டா இருக்குது. நான் முன்னாடி போறேன். திரும்பிப் பாக்க மாட்டேன்.