ஓர் ஒற்று அதிகம்

ஜனவரி 19, ஞாயிறு

எட்டாம் வகுப்புத் தமிழ்த்தாள் முப்பத்தொன்றும் திருத்தி முடித்தேன். கடைசி நாலு தாளைக் கோபத்தில் திருத்தினேன். பிள்ளைகள் பாவம், நாளைக்கு மறுபடி பார்க்க வேண்டும்.

கோபம் அண்ணன் மேல். மதியம் வந்தார். பிப்ரவரி மூன்றாம் தேதி காவ்யாவுக்கு நிச்சயம், நம் வீட்டில்தான், மாப்பிள்ளை ரகுநாத் பக்கம் இருபது பேர் வருவார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, காலி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக:

"ஏத்தா, தப்பா எடுத்துக்காத. தட்டு மாத்துறப்ப நானும் ஒன் மதினியும் நின்னுக்கிறோம். ஒன்னைய முன்னால வர வேணாம்னு அந்தம்மா சொல்லுது. நீ அடுப்படிப் பக்கமா இருந்தாப் போதும்."

அந்தம்மா என்றால் ரகுநாத்தின் அம்மா. என் வீட்டுக்காரர் போய்ப் பதினொரு வருடம். பதினொரு வருடமாகப் பள்ளியில் முந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெற்ற பெண்ணுக்கு முன்னால் நின்றால் மட்டும் ஆகிவிடுமாம்.

"சரிண்ணே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜனவரி 22, புதன்

காவ்யாவுக்குத் தெரியுமா? தெரிந்தும் பேசாமல் இருக்கிறாளா? கேட்க வாய் வரவில்லை.

பிப்ரவரி 1, சனி

பொய் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை புதுக்கோட்டையில் ட்ரெயினிங், போயே ஆக வேண்டும் என்று. அடுப்படியில் ஒளிந்து நிற்பதற்கு ஊரிலேயே இல்லாமல் இருப்பது மேல்.

"என் நிச்சயத்த விட ட்ரெயினிங்தான் பெருசாம்மா?" என்றாள் காவ்யா.

ஆக, அவளுக்குத் தெரியாது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ரகுநாத்தை அவளுக்குப் பிடித்திருக்கிறது. என்னால் இது நின்று போனால்? "லீவு குடுக்க மாட்டேங்கிறாங்கடி" என்றேன். எழுந்து போய்விட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

அவள் எழுவதற்கு முன்பே கிளம்பி, முதல் பஸ். வெளியே பனி, வழி நெடுக ஒன்றும் தெரியவில்லை. ட்ரெயினிங்கில் செல்லை அணைத்துத்தானே வைப்பார்கள்? ஏறியதும் அணைத்துவிட்டேன். பொய்க்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா.

புதுக்கோட்டையில் இறங்கி எங்கே போவது? புதுக்குளத்துக்குப் போனேன். காலை நடைக்கு வந்தவர்கள் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு கரையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். நானும் நடந்தேன். குளத்தில் தண்ணீர் நிறைய இருந்தது, அதன் மேல் பனி இன்னும் விலகவில்லை. இப்படி வேலை எதுவும் இல்லாமல், கூட யாரும் இல்லாமல் நான் நடந்து எத்தனை வருடம் ஆயிற்று! வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும்.

டீக்கடை அக்கா கேட்டது: "பட்டெல்லாம் கட்டியிருக்கீங்க, என்ன விசேசங்க?"

குனிந்து பார்த்தேன். அரக்குப் பட்டு. காலையில் இருட்டில் கை தானாக அதை எடுத்திருக்கிறது. ட்ரெயினிங்குக்கு யார் பட்டு கட்டுவார்கள்?

"எம்பொண்ணுக்கு நிச்சயங்க" என்று வந்துவிட்டது வாயில்.

"அப்பறம் இங்கிட்டு என்ன செய்றீங்க?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு டவுன்பஸ் ஏறிவிட்டேன்.

திருக்கோகர்ணம் மியூசியம். வருடா வருடம் ஏழாம் வகுப்பைக் கூட்டிவருகிற இடம். வாசலில் அழகுமலை அண்ணன், "டீச்சர், பிள்ளைகள எங்க காணோம்?" என்றார்.

"நான் மட்டுந்தாங்க."

நோட்டில் எழுதிக்கொண்டார்: செவ்வந்தி. அப்பா எனக்கு வைத்தது செவந்தி, ஒற்று இல்லாமல். ஊரெல்லாம் ஒரு 'வ்' சேர்த்துத்தான் எழுதுகிறது. பிள்ளைகளின் ஒற்றுப்பிழையை ஓயாமல் சுழிக்கிறேன், என் பேரில் இருப்பதை ஒரு நாளும் திருத்தியதில்லை. போகட்டும், எதற்கு வம்பு என்று விட்டுவிடுவேன். எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு அறை தாண்டும்போதும் திரும்பித் தலை எண்ணப் பார்த்தேன். யாரும் இல்லை. பழக்க தோஷம். சிலைகள், முதுமக்கள் தாழி, எல்லாவற்றையும் வேறு யாரோ பார்ப்பது போலப் பார்த்தேன். பாடம் செய்த பறவைகளின் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்றபோது மணி பத்தேகால். இந்நேரம் தட்டு மாற்றியிருப்பார்கள். மதினி என் பெண்ணுக்குப் பூ வைத்திருப்பாள்.

இதே இடத்தில் எத்தனை தடவை கத்தியிருப்பேன் — "தள்ளி நின்னு பாருங்கடா, கிட்டப் போகாதீங்க." தள்ளி நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அழுதேன். அழகுமலை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமல் போய்விட்டார். நல்ல மனுஷன்.

திரும்புகிற பஸ்ஸில் செல்லை உயிர்ப்பித்தேன். காவ்யாவிடமிருந்து பதினான்கு அழைப்புகள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று வீடு வந்தபோது அவள் என் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரல்களில் மருதாணி.

"ட்ரெயினிங்குக்குப் பட்டா கட்டிட்டுப் போன? காலையிலயே பாத்தேன், சேல இல்ல. மாமாவப் புடிச்சு உலுக்கினேன், சொல்லிட்டாரு. அம்மா வரட்டும், அதுவரைக்கும் வெளிய வரமாட்டேன்னு அர மணி நேரம் உள்ளயே உக்காந்திருந்தேன். நீ போனை எடுக்கல."

அந்த அரை மணி நேரத்தில் நான் செத்துப்போன பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேரம் போகுதுன்னு எல்லாருஞ் சேந்து இழுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க ஒன்னைய வேணாம்னாங்க, சரி. நீ என்னையக் கேட்டியாம்மா?"

கேட்கவில்லை. அவளுக்காக என்றுதான் நினைத்தேன். பாதி அவளுக்காக. மீதி, யாரிடமும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 12, புதன்

சரியாகப் பேசுவதில்லை. "சாப்பிட்டியா", "ம்". ரகுநாத் போன் செய்தான். "எனக்குத் தெரியாதுங்கத்தை, அம்மாகிட்ட சண்டை போட்டிருக்கேன்" என்றான். நம்பத்தான் ஆசை. பங்குனியில் கல்யாணம். பத்திரிகை அண்ணன் பேரில் அடிப்பதாகப் பேச்சு. சரி என்றேன். வழக்கம் போல.

பிப்ரவரி 23, ஞாயிறு

திருத்த வேண்டிய தாள்களுக்கு மேல் பத்திரிகை மாதிரி ஒன்று கிடந்தது. காவ்யாவே அச்சகத்துக்குப் போய் வந்திருக்கிறாள். "பிழை பாத்துக் குடும்மா. நாளைக்கு அடிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, மடித்த துணியையே மறுபடி உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

சிவப்புப் பேனாவை எடுத்து வரி வரியாகப் படித்தேன். நாள், நேரம், மண்டபம், மணமக்கள் பேர், எல்லாம் சரி. கீழே, தங்கள் வரவை விரும்பும் என்ற இடத்தில் முதலில் செவ்வந்தி, ஆசிரியை. அடுத்த வரியில்தான் அண்ணனும் மதினியும்.

அந்தம்மா என்ன சொல்லும்? ஒரு கோடு இழுத்தால் போதும், எல்லோருக்கும் நிம்மதி. பேனாவை அந்தப் பேருக்கு மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். துணி உதறுகிற சத்தம் நின்றுவிட்டது.

'வ்'வை மட்டும் சுழித்தேன். ஓரத்தில் எழுதினேன்: ஒற்று வேண்டாம். செவந்தி.