பக்கத்துத் தோட்டத்துத் திராட்சை

அன்புள்ள ரொசெந்தோவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அறுவடைக் குழுவுக்குத் தலைவியான இரண்டாம் நாளே பக்கத்துத் தோட்டத்துத் திராட்சையைப் பறித்துவிட்டேன்.

இந்தக் காசாபிளாங்காப் பள்ளத்தாக்கில் கடலிலிருந்து வரும் மூடுபனி பத்து மணிவரை விலகாது. அந்தக் குளிரில் திராட்சை மெதுவாகப் பழுப்பதால்தான் எங்கள் ஒயினுக்குப் பதக்கம் கிடைத்ததாம். எனக்கோ என் கையே தெரியவில்லை. எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு வேலியில்லாத எல்லையைத் தாண்டியிருக்கிறேன். நாற்பது கூடை நிறைந்த பிறகு பனி விலகியது. எதிரே பக்கத்துத் தோட்டக்காரி எதெல்மிரா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏம்மா எலியானா, போன வருஷம் பதக்கத்தத் தட்டிட்டுப் போனீங்க. இந்த வருஷம் பழத்தையேவா?"

எனக்கு உயிரே போய்விட்டது. தலைவிக்குத்தான் குடும்பத்தோடு தங்க வீடு தருவார்கள். அந்த வேலை போனால் நீங்கள் இங்கே வருவதும் போச்சு. எங்கள் முதலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். எதெல்மிராவோ கூடைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"விடுங்க, எப்படியும் இன்னிக்குப் பறிக்க வேண்டியதுதான். கூலியில்லாம முடிஞ்சுது. நாளைக்கும் இவங்கள அனுப்புங்களேன்!"

முதலாளியும் சிரித்தார். வேலை தப்பியது, வீட்டுச் சாவியும் வந்துவிட்டது.

வரும்போது கம்பளிக் காலுறையும் நம் ஊர்ப் பூண்டும் கொண்டுவாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் பழைய ஸ்வெட்டர் ஒன்றைத் தபாலில் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

லாரி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் எலியானா

சொல்ல மறந்துவிட்டேன். இன்று காலைப் பனியில் நம் புது வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. தரையைக் கூட்டி, அடுப்பைத் துடைத்து, ஜன்னலுக்குத் திரையும் மாட்டினேன். அது அடுத்த வீடு.