நீ வராத ஞாயிறு

மாப்ள,

நேற்றுச் சாயங்காலம் மாடி அறையில் வெள்ளைப் பலகையில் எழுத மார்க்கரை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் அந்தக் காரமான மை வாடை குப்பென்று ஏறியது. நாள் முழுக்க மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு மற்ற வாடைகள் லேசில் தெரியாது. இது தெரிந்தது. உன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீல மார்க்கர் கிடக்கும். பையின் அடியில் நீலக் கறையும் இருக்கும். எத்தனை சட்டைகளுக்காக உன் வீட்டில் கவிதா சண்டை போட்டிருப்பாள். நான் எழுத வந்ததை மறந்துவிட்டு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், இவர் ஏதோ பெரிதாக யோசிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

இன்று திங்கட்கிழமை, நீ போன் செய்யும் நாள். அதனால்தான் எழுதுகிறேன்.

பசுமலையில் என் கடைக்கு மேலே இருந்த அறையை நீ கேட்டு வந்தபோது அதில் காலி மருந்துப் பெட்டிகள்தான் கிடந்தன. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் குடு மாப்ள. நாலு பேரு உக்காந்து பேசணும்" என்றாய். என்னத்தைப் பேச என்றதற்கு, "ஒரு ஆளால எம்புட்டு நல்லது செய்ய முடியும்னு" என்றாய். நான் சிரித்தேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்திலிருந்தே உனக்கு இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும். சாவியைக் கொடுத்துவிட்டு, விளக்கை அணைக்காமல் போனால் கரண்ட் பில்லை உன் தலையில் கட்டுவேன் என்றேன்.

என்னை மாடிக்கு ஏற வைத்தது அந்த டானிக் பாட்டில்கள். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ரத்தம் குறைந்த பெண்களுக்கு நான் இரும்புச்சத்து டானிக் கொடுத்துவிட்டு, அந்தப் போட்டோவைக் கடையில் மாட்டியிருந்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. ஒரு தடவ போய்ப் பாப்பமா?" என்றாய். போனோம். டிவிக்குப் பக்கத்திலும் சாமி படத்துக்குக் கீழேயும் பாட்டில்கள் திறக்காமல் நின்றன. "வாயெல்லாம் துரு வாடைண்ணே. வெறும் வயித்துல குடிச்சா பெரட்டுது" என்றார் ஒரு அம்மா. நாற்கர சாலைக்கு வந்து பஸ்சுக்கு நிற்கும்போதுதான் சொன்னாய்: "நல்ல மனசோட குடுத்த. ஆனா மனசு நல்லாருந்தா மட்டும் ரத்தம் ஊறாது மாப்ள."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மதுரை வரைக்கும் உன்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த முறை கேட்டுக் கேட்டுச் செய்தோம். டானிக்கை விட்டு மாத்திரைக்கு மாறினோம். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னோம். போட்டார்களா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் பொறுப்பை அந்த ஊர்ப் பெண்களிடமே விட்டோம். உன் கொள்கை என்று சொன்னால் இவ்வளவுதான். கொடுப்பதோடு வேலை முடியாது, திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். நம் காசும் நேரமும் எங்கே போனால் அதிகம் பேருக்கு ஆகும் என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். இதற்கு வெளிநாட்டில் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள் என்று சொல்வாய். நாங்கள் அதை உன் கிறுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதுவரை நமக்குள் சண்டை இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீ பேச ஆரம்பித்த பிறகுதான் அது தொடங்கியது. வீட்டிலிருந்தே மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை உனக்கு. அந்த வேலையிலிருந்து வந்த பயம் என்று நினைக்கிறேன். இனிமேல் பெரிய முடிவுகளை எல்லாம் இந்த இயந்திரங்கள் எடுக்கப்போகின்றன, அவை கோணலாகப் போனால் இன்னும் பிறக்காதவர்களும் சேர்ந்து அனுபவிக்க வேண்டியிருக்கும், இதற்காகக் கவலைப்பட ஆள் ரொம்பக் குறைவு என்றாய். எனக்கு எரிச்சலாக வந்தது. "கீழ கடைக்கு இன்சுலின் வாங்க வாரவன் இன்னைக்குச் சாகக்கூடாது. மொதல்ல அதப் பாரு" என்றேன்.

பாண்டி அண்ணன் அன்று என் பக்கம். ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு, ஊரில் கொஞ்சம் வயலும் பார்ப்பவர். "நூறு வருசங் கழிச்சு வாரவனுக்கு நான் ஏன் இப்பக் கவலப்படணும்?" என்று கேட்டார்.

"ஒங்க ஊருக் கம்மாய வெட்டுனவன் ஒங்களப் பாத்தா வெட்டுனான்?" என்றாய் நீ.

"சரி. ஆனா அவனுக்குத் தண்ணி எங்கிட்டு ஓடும்னு தெரியும். ஒனக்கு இது எங்கிட்டு ஓடும்னு தெரியுமா?"

"தெரியாதுண்ணே. அதான் பயமா இருக்கு" என்றாய். நீ அப்படி ஒப்புக்கொண்டது பாண்டி அண்ணனுக்குப் பிடித்துப்போனது. எனக்குப் பிடிக்கவில்லை. தெரியாத ஒன்றுக்காக ஒரு கூட்டமா என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டேன்.

கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தும் யமுனாதான் உன்னைக் குடைந்து குடைந்து கேட்பாள். சோதித்துப் பார்த்துத்தானே வெளியில் விடுகிறார்கள், பிறகென்ன என்று ஒருநாள் கேட்டாள். நீ பலகையில் ஒரு கண்ணை வரைந்தாய். "நான் பாத்துக்கிட்டு இருக்கும்போது ஒழுங்கா ஓடிட்டு, வெளிய போயிப் படுத்துக்கிட்ட புரோகிராம எம்புட்டோ பாத்துட்டேன். இதுக இன்னும் கெட்டிக்காரப் புள்ளைக. சோதிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லாத்தான் நடந்துக்கும். யாரும் பாக்கலன்னு தெரிஞ்சா என்ன செய்யும்? அதச் சொல்லு" என்றாய். பிறகு பலகையைத் துடைத்தாய். துடைத்த பிறகும் அந்தக் கண் மங்கலாகத் தெரிந்தது.

அதே கேள்வியை நீ எங்கள் மேலேயும் போட்டுப் பார்த்தாய். ஒரு ஆள் இல்லையென்றால் படுத்துவிடும் கூட்டம் கூட்டமே இல்லை என்பாய். மாதம் ஒரு ஞாயிறு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தாய். நாங்கள் பிரமாதமாக நடத்தினோம். திங்கட்கிழமை காலையில், நான் கடை ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் போன் செய்தாய். "நேத்து என்ன நடந்துச்சு மாப்ள?" நான் பெருமையாக ஒப்பித்தேன். "நான் இன்னைக்குக் கேப்பேன்னு தெரிஞ்சு நடத்துனதுதானே" என்று நீ அதைத் தள்ளிவிட்டாய். அதன் பிறகு சொல்லாமலேயே வராமல் இருக்க ஆரம்பித்தாய். போனையும் அணைத்துவிடுவாய். யாரும் உன்னைத் தேடக்கூடாது என்பது ஏற்பாடு. திங்கட்கிழமைக் கேள்வி மட்டும் தவறாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ வரவில்லை. கூட்டம் தொடங்கும்போது கவிதா போன் செய்தாள். "அண்ணே, இவரு அங்க வந்தாரா? போன் ஆஃப்ல இருக்கு." நான் சிரித்தேன். "அது அவன் வழக்கந்தாம்மா. ராத்திரிக்குள்ள வந்துருவான் பாரு" என்றேன். மாடிக்குப் போய் நீ வராததை மற்றவர்களிடம் சொன்னேன். எல்லோருக்கும் ஒரு வீம்பு வந்துவிட்டது. அன்றைக்குப் போல நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கவிதா மறுபடியும் போன் செய்தாள். இந்த முறை அவளால் பேச முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் பேசினார். நீ சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறாய், நாம் போகாதபோதும் மாத்திரை போடுகிறார்களா என்று பார்க்க. திரும்பி வரும்போது பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அணைந்து கிடந்த போனால் நீ யார் என்று கண்டுபிடிக்கத்தான் நேரமாகியிருக்கிறது.

நான் சிரித்ததை நினைத்துக் கவிதாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவளே சொன்னாள்: "நீங்க அன்னைக்குச் சிரிச்சீகள்ல அண்ணே. அதுனாலதான் ஒரு மணி நேரம் நிம்மதியா இருந்தேன். அதுக்கப்பறம் ஏது நிம்மதி?" எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், அவன் இல்லாமலேயே கூட்டத்தை எப்படி நடத்தினீர்கள் பாருங்கள், இனி கவலையில்லை என்று ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மறுநாள் நீ கேட்பாய் என்று நம்பித்தான் நாங்கள் அப்படி நடத்தினோம். அந்தக் கண் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இனிக் கேட்க ஆளில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு வந்த ஞாயிறுதான் உண்மையான சோதனை. அதில் நான் தோற்க இருந்தேன். மாடியைத் திறப்பதில்லை என்று முடிவு செய்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

பாண்டி அண்ணன் குனிந்து உள்ளே வந்து கையை நீட்டினார். "சாவியக் குடு தம்பி."

"இனிமே எதுக்குண்ணே?"

"எனக்கும் தெரியல. நேரமாச்சு, ஆட்டோ தன்னால இங்க வந்துருச்சு."

பின்னாலேயே யமுனாவும் வந்தாள். மேலே போய் உட்கார்ந்தோம். ஒருவரும் உருப்படியாகப் பேசவில்லை. யமுனா ஏதோ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. இதைவிட மோசமான கூட்டம் அந்த அறையில் நடந்ததில்லை. ஆனால் அடுத்த வாரம் சாவியை நானே எடுத்து வைத்தேன்.

இப்போது உன்னைப் பார்த்தே இராத பிள்ளைகள் வருகிறார்கள். நேற்று ஒரு பெண், யாரும் பார்க்காதபோது இயந்திரம் எப்படி நடக்கும் என்பதை எப்படித்தான் பார்ப்பது என்று கேட்டாள். தானாகத் தோன்றிய கேள்வி போலக் கேட்டாள். அது உன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவளுடையதாகவே இருக்கட்டும்.

அந்த ஊருக்கும் பாண்டி அண்ணனும் நானும் சொல்லாமல் போய்வருகிறோம். மாத்திரை நிற்கவில்லை. டானிக் வாடையைச் சொன்ன அதே அம்மா, "அன்னைக்கு அவரு வந்தப்ப எல்லாத்தையும் பாத்துட்டுச் சிரிச்ச மொகமாத்தான்ப்பா பஸ் ஏறுனாரு" என்றார். அந்த ஊரில் என்ன நடக்கிறது என்று நீ தெரிந்துகொண்டுதான் போயிருக்கிறாய். அந்த ஞாயிறு மாடியில் நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

அதைச் சொல்லிவிடுகிறேன். பாண்டி அண்ணன் அன்று நூறு வருடம் கழித்து வருபவனைப் பற்றிய தன் பழைய கேள்வியையே மறுபடியும் கேட்டார். உன் பக்கம் பேச ஆளில்லை. ஒரு பக்கம் ஆளில்லாமல் விவாதம் நடக்கக்கூடாது என்பது உன் சட்டம் அல்லவா, அதனால் நான் எழுந்தேன். விளையாட்டுக்குத்தான் எழுந்தேன். உன்னைப் போலவே கையை ஆட்டி ஆட்டிப் பேசி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அப்படியே என் டானிக் கதைக்கு வந்தேன். நான் கொடுத்தபோது அத்தனை பேரும் சிரித்த முகத்தோடுதான் வாங்கினார்கள், போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறது, நான் போன பிறகு என்ன ஆனது என்று இவன் ஒருத்தன் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் அந்தப் போட்டோவை நம்பிக்கொண்டிருப்பேன் என்றேன். சொல்லும்போதே என் குரல் மாறிவிட்டது. பாட்டிலாவது திறக்காமல் நின்றது, போய்ப் பார்த்தால் தெரிந்தது. இந்த இயந்திரம் உலகம் முழுக்கப் போய்விட்ட பிறகு யார் போய்ப் பார்ப்பது என்று கேட்டுவிட்டு நின்றேன்.

"என்ன தம்பி, அந்தப் பக்கம் போயிட்ட?" என்றார் பாண்டி அண்ணன்.

மறுநாள் உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்று நாற்காலிகளை அடுக்கும்போதே யோசித்து வைத்திருந்தேன். லேசில் ஒத்துக்கொள்ளக் கூடாது, கொஞ்சம் இழுத்தடிக்க வேண்டும், உன்னைக் கெஞ்ச விட வேண்டும். ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் போன் அடிக்கும் என்று இருந்தேன்.

நேத்து என்ன நடந்துச்சுன்னு நீ இன்னும் கேக்கல மாப்ள. நான் ஒன் பக்கம் வந்துட்டேன்.