பார்லியில் போட்ட சர்க்கரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் நீ சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கேயும் சௌக்கியம் என்று எழுத வந்தேன், கை வரவில்லை. அம்மாவின் மூட்டு ஆபரேஷனை நேற்று மறுபடியும் தள்ளிவிட்டார்கள். எட்டுக் கிலோ குறைத்தால்தான் செய்வேன் என்றிருந்தார் டாக்டர், ஏறி நின்றால் மூன்று கிலோ கூடியிருக்கிறது. நம் வீட்டு லிஃப்ட் வழக்கம்போல் படுத்துவிட்டதால் மூன்று மாடி ஏறி வருவதற்குள் இரண்டு பேரும் ஓய்ந்துபோனோம்.

உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் புளித்த தானியம் தின்ற எலிகளுக்குக் கொழுப்பு சேர்வது குறைந்தது, மனிதர்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுத்துப் பாருங்கள் என்று நீ எழுதியபடி, மூன்று மாதமாக நான்தான் பார்லியை அரைத்துப் புளிக்கவைத்துக் கஞ்சி காய்ச்சுகிறேன். போன மாதம் எடை ஏறியதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. திருட்டுத்தனமாக எதையோ தின்கிறாய் என்று அவளைச் சொல்லிவிட்டேன். தலையணைக்கு அடியில்கூடத் தேடினேன் பாப்பா. என் உடம்பு வாகே இப்படித்தான் போல, விடுங்க என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிடுகிறாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் அம்மா வெளியே பெஞ்சில் இருக்கும்போது, உணவு ஆலோசனை சொல்லும் பெண் என்னைக் கூப்பிட்டு, கஞ்சி எப்படிச் செய்றீங்க, ஒண்ணுவிடாம சொல்லுங்க என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவன், தினமும் ஒரு கைப்பிடி சர்க்கரை போடுவேன் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் பேக்கரியில் மாவு பிசைந்த கை, புளிக்கிற மாவைக் கண்டால் பொங்கி வரட்டும் என்று தானாகப் போட்டுவிடுகிறது. நீ எழுதிய தாளில் சர்க்கரையே இல்லை. இதுகூடவா எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டேன். புளிப்பே அதைத் தின்றுவிடும் என்று நம்பினேன், முழுக்கத் தின்னாதாம். குடிக்க இதமாக இருக்கிறது என்று அம்மா சொன்னபோது பெருமை வேறு பட்டேன். வீட்டுக்கு வந்தும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அசதியாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன், படிக்கட்டும்.

நீயும் என்னைப் போல் எல்லாம் தெரியும் என்று இருந்துவிடாதே. ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இரு. வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே.

உன் அப்பா

பாப்பா, படித்தேன். இந்த மனுஷனோடு இரண்டு நாள் பேசுவதாக இல்லை. இனிமேல் சர்க்கரை போடாமல் காய்ச்சச் சொல், குடிக்கிறேன்.

அம்மா