எங்கள் மேஜையைத் தாண்டாத பொத்தான்

அன்பு மகளுக்கு, என் வாலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கு நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை முதல் பாதியை எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் இரண்டாம் பாதியை மட்டும் எழுதுகிறேன். உன் நலம் தெரிய வேண்டும் அம்மா. அது தெரிந்த பிறகுதான் இந்த வீட்டில் மற்றவர்களுக்கு நலம் என்று ஒன்று உண்டு.

இதை உன் வீட்டுக்கார அம்மாள் கதவுக்கடியில் தள்ளிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நீ கதவைத் திறக்க வேண்டியதில்லை, அவருக்குப் பதில் சொல்லவும் வேண்டாம். உன் அறைத்தோழி ஊருக்குப் போகும்போது அவர் நம்பரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள், அவள் மேல் கோபப்படாதே, அவளாவது கொடுத்தாளே என்று நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் ஒருநாள் தட்டிப் பார்த்தாராம், நீ உள்ளேயிருந்தபடியே நான் நன்றாக இருக்கிறேன் தயவுசெய்து போங்கள் என்றாயாம். அந்த ஒரு வாக்கியத்தை அம்மா என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறாள். எந்தக் குரல்ல சொன்னாளாம், அதக் கேளுங்க என்கிறாள். அந்த வெளிநாட்டு மனுஷியிடம் என் அரைகுறை இங்கிலீஷில் உன் குரலைப் பற்றி எப்படிக் கேட்பேன். கூப்பிட மாட்டேன் என்று உன்னிடம் சொன்ன வார்த்தையை நான் மீறவில்லை. வேலை போனதும் நீ நம்பியிருந்தவன் விலகிப்போனதும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்த அந்த மாதத்தில் நீ கடைசியாகப் பேசியபோது, அப்பா என்னால பேச முடியல, போன் அடிச்சாலே நெஞ்சு படபடங்குது, கொஞ்ச நாள் கூப்பிடாதீங்க, கோபம் எல்லாம் இல்ல என்றாய். சரிம்மா பேச வேண்டாம், இருக்கேன்னு ஒரு அடையாளம் மட்டும் காட்டு போதும் என்றேன். பாக்கறேன்ப்பா என்றாய். அந்தப் பாக்கறேன்ப்பாவை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் ஓட்டினோம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். சின்ன மாமா வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார், அவர் வாய் சும்மா இராது என்று உனக்குத் தெரியும், இப்போது அவரே பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரர் மகள் எப்படி இருக்கா என்று கேட்டால் வேலை ஜாஸ்தி என்கிறேன். வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்பது என் பிடிவாதம், அந்தப் பிடிவாதம்தான் கடைசியில் என் தலையிலேயே வந்து விழுந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

நான் லிஃப்ட் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு பெண்மணி இருக்கிறார். மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி எங்கள் உயிரை எடுப்பதால் பாஸ்வேர்டு அம்மா என்று பெயர், அவருக்கும் தெரியும், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். லிஃப்ட் நின்றுவிட்டால் நர்சுகள் போனில் என்னைத் திட்டுவதற்குப் பதிலாக கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து அதிலுள்ள பொத்தானை அமுக்கினால் என் அறையில் தெரிகிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்கப் போனேன். நீங்களே செய்யுங்க லிஃப்ட் சார், நான் சொல்லித் தரேன் என்று பிடித்துக்கொண்டார். ஐந்தில் வளையாதது ஐம்பதுக்கு மேல் வளையுமா என்று அம்மா சிரித்தாள், அது அவள் சிரித்துக்கொண்டிருந்த காலம். பாஸ்வேர்டு அம்மா கொடுத்ததை ஃப்ரேம்வொர்க் என்கிறார்கள், பக்கம் கட்டுவதற்கான சாரம் மாதிரி, அதிலேயே மிகச் சின்னது. பெரிசெல்லாம் மொத்த அடுக்குமாடி சார், இது ஒரு கதவும் ஒரு காலிங்பெல்லும், மிச்சத்த நீங்கதான் கட்டணும் என்றார். ஒரே ஒரு கோப்பு. இந்த முகவரிக்கு ஆள் வந்தால் இதைக் காட்டு, அந்தப் பொத்தானை அமுக்கினால் அதைச் செய், அவ்வளவுதான் விஷயம். எனக்கு அது அன்னியமாகவே படவில்லை, லிஃப்டும் அதைத்தானே செய்கிறது. ஆனால் அதில் நான் அடிக்கிற வரி கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றால்கூட மொத்தமும் படுத்துவிடும், அதற்குத்தான் தலையால் தண்ணீர் குடித்தேன்.

நீ பேச முடியாது என்று சொன்ன பிறகு, நர்சுகளுக்கான பக்கத்தை அப்படியே போட்டுவிட்டு உனக்காக ஒன்று செய்ய உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு அம்மாவிடம் சொல்லவில்லை. கேட்டால் எதற்கு, யாருக்கு என்று வரும், வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டிவரும். கற்றுக்கொண்ட மட்டும் வைத்துக்கொண்டு நானே செய்தேன். பக்கத்தில் ஒரு பொத்தான், அதில் இருக்கேன் என்று ஒரே சொல். அமுக்கினால் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் சிவப்பு வட்டம் பச்சையாகும், மறுநாள் விடிந்தால் மறுபடி சிவப்பு. நீ பேச வேண்டாம், எழுத வேண்டாம், ஒரு விரல் போதும். அதே கம்ப்யூட்டரில் அம்மா அமுக்கினாள், பச்சை எரிந்தது. மாமா அமுக்கினார், எரிந்தது. உலகத்தையே கட்டி முடித்தவன் மாதிரி அந்த முகவரியை உனக்கு அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகளும் விழுந்தன. அப்புறம் உன் போன் அணைந்துவிட்டது.

வட்டம் சிவப்பாகவே இருந்தது. அம்மா சாப்பாட்டு நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள், காய் நறுக்குவது அங்கே, துணி மடிப்பது அங்கே. திரையைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள், அழுக்கினால்தான் சிவப்பாகத் தெரிகிறது என்பது போல. ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது, உன் மேல்தான், மறைப்பானேன். சின்ன வயதில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் லிஃப்டில் உள்ள எல்லாப் பொத்தானையும் அமுக்கி வைப்பாய், ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகும், பெரிய டாக்டர் உன்னை முறைப்பார், நீ அவரைத் திருப்பி முறைப்பாய். அத்தனை பொத்தானை அமுக்கின பிள்ளைக்கு அப்பனுக்காக ஒன்றை அமுக்கக் கையில்லையா என்று கத்தினேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இந்த வாரம் நர்சுகளுக்கான பக்கத்தை முடித்துக் கொடுத்தேன். அவர்கள் கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லை. பாஸ்வேர்டு அம்மா வந்து, எந்த முகவரி குடுத்தீங்க சார் என்றார். என் மெஷினில் எப்போதும் திறக்கிற அதே முகவரிதான், நூற்றிருபத்தேழு, நடுவில் இரண்டு பூஜ்யம், கடைசியில் ஒன்று என்று எண்களாக இருக்கும், அதைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஐயோ லிஃப்ட் சார், இது உங்க மெஷின் தன்னைத்தானே கூப்பிட்டுக்கற முகவரி, உலகத்துல எந்த மெஷின்ல போட்டாலும் அந்த மெஷினயேதான் போய்த் தட்டும், இங்கேருந்து பக்கத்து மேஜைக்குக்கூடப் போகாது என்றார். உனக்கு நான் அனுப்பினதும் அதே எண்கள்தான். அப்ப வெளிநாட்டுல இருக்கறவங்க தட்டினா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அவங்களுக்கு, இணைக்க முடியலன்னு வரும் சார், அங்க யாருமே இல்லைங்கற மாதிரி என்றார். அப்போதுதான், நர்சுகள் எல்லாரும் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், உன் கதை முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா, நீ தட்டினாயா? இந்த ஒரு கேள்விதான் என்னைத் தின்கிறது. பேச முடியாமல் கிடந்த நேரத்தில் அப்பா கொடுத்தது என்று நம்பி ஒரு விரலை நீட்டி, அங்கே யாரும் இல்லை என்று பார்த்தாயா? ஒருமுறை பார்த்தாயா, ஒவ்வொரு நாளும் பார்த்தாயா? அதனால்தான் போனை அணைத்தாயா? யார் வந்தாலும் ஒரு வரி ஓடும் கறுப்பு ஜன்னல் ஒன்று கம்ப்யூட்டர் திரையில் உண்டு, அதில் தேடிவிட்டேன், எங்களுடைய தட்டல் மட்டும்தான் இருக்கிறது. வந்து சேராத தட்டலுக்கு எங்கும் வரி கிடையாதாம். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதே என் பிழைப்பு. உள்ளே இருப்பவர்கள் முதலில் விடாமல் மணியடிப்பார்கள், அப்புறம் விட்டு விட்டு அடிப்பார்கள், பதிலே இல்லையென்றால் கையை எடுத்துவிடுவார்கள். அந்த அமைதிக்குத்தான் நான் பயப்படுவேன். அதனால் மோட்டார் அறைக்கு ஓடுவதற்கு முன்னால் கதவோரமாக நின்று ஆள் வந்தாச்சு, இங்கதான் நிக்கறேன் என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் ஓடினவன் என் பிள்ளைக்குக் கம்பி அறுந்த மணியைக் கொடுத்துவிட்டுப் பச்சை எரியவில்லையே என்று கோபப்பட்டேன். 

சரியான முகவரியை உனக்கு அனுப்பினேன், போன் அணைந்திருப்பதால் ஒற்றைக் கோட்டோடு நிற்கிறது. அதனால்தான் காகிதம். பாஸ்வேர்டு அம்மா கூடவே உட்கார்ந்து பக்கத்தை வெளியே ஒரு மெஷினில் ஏற்றிக் கொடுத்தார். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் அது ஓடும். இந்தத் தடவை நான் யாரையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை, ஊரில் இருக்கும் உன் அறைத்தோழிக்கு அனுப்பித் திறக்கச் சொன்னேன். திறக்குது அங்கிள் என்றாள், அழுதுகொண்டே சொன்னாள். கீழ்வீட்டுத் தையல்காரரிடமும் விஷயத்தைச் சொல்லி அவர் போனிலும் திறந்து பார்த்துவிட்டேன், இனி மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் பக்கத்தை மாற்றிவிட்டேன். உன்னிடம் பொத்தான் கேட்கவில்லை. பொத்தான் இப்போது எங்கள் பக்கம், விளக்கு உன் பக்கம். நாங்கள் அமுக்கினால் நீ திறக்கும்போது பச்சை தெரியும், அதற்குக் கீழே, வீட்டில் ஆள் இருக்கிறோம் என்று எழுதியிருக்கும். விடிந்தால் அது சிவப்பாகிவிடும், மறுபடி அமுக்க வேண்டும். பாஸ்வேர்டு அம்மா, எதுக்கு சார் தினமும், எப்பவும் பச்சையா இருன்னு ஒரே வரியில எழுதிடலாமே என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம். ஆள் இல்லாமலே எரியற விளக்கு எதுக்கு, நான் அமுக்கறேன், என் பொண்ணு என்னைக்குத் திறந்தாலும் அன்னைக்கு நான் அமுக்கினதா இருக்கணும் என்றாள். அதனால் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அமுக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

நீ திறந்து பார்த்தால் என் கறுப்பு ஜன்னலில் ஒரு வரி ஓடும், அதையும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியாமல் உன்னை வேவு பார்க்க மாட்டேன். அந்த ஒரு வரி எங்களுக்குப் போதும். திறக்க மனமில்லையென்றால் திறக்காதே, விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், பயண அனுமதிக்கும் மனுப் போட்டிருக்கிறேன், அது எப்போது வருமோ தெரியவில்லை, வந்த அன்றே கிளம்புகிறேன். வாசலில் உட்கார்ந்துகொள்வேன், பேசச் சொல்ல மாட்டேன். அதுவரை ஜன்னல் திரையை மட்டும் பகலில் விலக்கி வை. தண்ணீர் குடி. மனசுக்காக நீ பார்த்துக்கொண்டிருந்த அந்த டாக்டரிடம் போவதை விட்டுவிட்டாயென்றால் மறுபடி போ, விட்டேனே என்று கூச்சப்படாதே. வேலை இன்னொன்று வரும், வராவிட்டால் வீட்டுக்கு வா, உன் அறையில் எதையும் மாற்றவில்லை, மாமா மட்டும் சில சமயம் மத்தியானம் தூங்குவார், விரட்டிவிடலாம்.

எந்தக் குறையும் அண்டாமல், நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். புது முகவரியைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், பழையதை அழித்துவிடு, அதைத் தப்பித்தவறிக்கூடத் தட்டாதே. ஆள் வந்தாச்சு அம்மா, இங்கேதான் நிற்கிறேன்.

கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும்,
உன் அப்பா

பி.கு. இன்றைக்கும் அம்மா அமுக்கிவிட்டாள்.