நடுக்கடலில் நீட்டிய கை

திருமுக்கூடல்
10.4.2024

அன்பு மருமகள் ஷாரோனுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ தனுஷ்கோடியில் கரையேறிய உடனே உன் அம்மாவிடம், "அக்கா, பாத்துக்கினே இரு, எவனா ஒருத்தன் புகார் குடுப்பான்" என்றேன். அவள், "வாய வச்சிகினு கம்முனு இரு" என்றாள். இப்போது இன்னா ஆச்சு? நீச்சல் சங்கம் உன் சாதனையை நிறுத்தி வைத்திருக்கிறதாம்.

எனக்கு மோகன்குமார் மேல்தான் சந்தேகம். அதே கடலில் பாதியில் படகு ஏறிவிட்ட பெண்ணின் கோச். அன்று கரையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். முன்னே பின்னே தெரியாதவனுக்கு எவன் டீ வாங்கித் தருவான்? படகுக்காரன் தானியேலும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். அவனையும் நம்பாதே.

பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களே என்றுதான் கடுதாசி. கலங்காதே. தலைமன்னாரிலிருந்து நீ நீந்திவந்ததைக் கண் இமைக்காமல் பார்த்தவன் நான் இருக்கிறேன்.

உன் தாய்மாமன்
ஐசக்


பெங்களூரு
15.4.2024

அன்புள்ள மாமா,

நலம். சாப்பாடு பரவாயில்லை. தோள் வலிதான் விடவில்லை.

மோகன்குமார் சார் புகார் கொடுக்கவில்லை. ஊரில் நம் சபையில் எனக்கு நடந்த பாராட்டு விழாவில் நீங்கள் மைக்கில் பேசிய வீடியோதான் சங்கத்துக்குப் போயிருக்கிறது. "புள்ள நடுக்கடல்ல தொவண்டு போச்சு. பின்படகுலேர்ந்து கைய நீட்டி ஒரே புடி புடிச்சேன்" என்கிறீர்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

மாமா, நீந்துகிறவரை யார் தொட்டாலும் தகுதி போய்விடும். அதனால்தானே கஞ்சியைக்கூடக் கம்பில் கட்டி நீட்டினார்கள்?

நடுவர் முன்படகில் இருந்தார். மழை அடித்தபோது கொஞ்ச நேரம் அவர் கண்ணுக்கு நான் தெரியவில்லையாம். எனக்கும் அந்த நேரம் சரியாக நினைவில்லை. குளிரில் கண் இருண்டது. யாரோ பிடித்தது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. என் கையை நானே சந்தேகமாகப் பார்க்கிறேன்.

பிடித்தீர்களா? கோபிக்க மாட்டேன். உண்மையை மட்டும் எழுதுங்கள்.

ஷாரோன்


திருமுக்கூடல்
19.4.2024

அன்பு மருமகளுக்கு,

வீடியோ எடுத்தவன் எவன் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுச் செல்லாயி முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கேட்டால், "உன் மூஞ்சிய எட்த்து நான் இன்னா பண்ணப்போறேன்?" என்கிறாள். அந்தப் பதிலே சந்தேகமாக இருக்கிறது.

உன் கடிதம்கூட நீ எழுதியதுதானா, சங்கத்துக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தானா? தோளுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

ஐசக்


பெங்களூரு
24.4.2024

மாமா,

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அப்படியென்றால் பிடித்தீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இனி கடலில் இறங்குவதாக இல்லை. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஷாரோன்


திருமுக்கூடல்
28.4.2024, ஞாயிறு

மருமகளே,

கொடுக்காதே. இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

படகு ஏறிய கொஞ்ச நேரத்திலேயே எனக்குக் குடலைப் புரட்டிவிட்டது. தார்ப்பாய்க்குக் கீழே குப்புறப் படுத்தவன் தனுஷ்கோடியில்தான் எழுந்தேன். நீ நீந்தியதில் ஒரு கை வீச்சைக்கூட நான் பார்க்கவில்லை. தானியேல் சிரித்தது என்னைப் பார்த்துத்தான். மோகன்குமார் டீ கொடுத்ததும் என் முகம் இருந்த லட்சணத்தைப் பார்த்துத்தான்.

ஊருக்கு வந்தால் ஆளாளுக்கு, "படகுல நீ இன்னாபா பண்ண?" என்று கேட்டார்கள். வாந்தி எடுத்தேன் என்று மைக்கில் எப்படிச் சொல்வது?

இன்று ஆராதனை முடிந்ததும் அதே மைக்கில் சொல்லிவிட்டேன். செல்லாயியையே வீடியோ எடுக்கவைத்துச் சங்கத்துக்கு அனுப்பியாகிவிட்டது. "கடலுக்கே வாந்தி வந்துருக்குமே!" என்று கத்தினாள். சபையே சிரித்தது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

தானியேலும் சாட்சி சொல்ல வருகிறான். பின்படகில் நாங்கள் இரண்டே பேர். அவனுக்கு ஒரு கையில் சுக்கான், இன்னொரு கையில் என் சட்டைக் காலர். அவன் படகில் என் அளவுக்கு வாந்தி எடுத்தவன் இதுவரை கிடையாதாம். அதை அவன் வாயாலேயே கேட்டுக்கொள்.

நடுக்கடலில் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது என்னைத்தான். உனக்கு நீட்டியதாகச் சொன்ன அந்தக் கை நான் இட்டுக்கட்டியது. நீ யாரும் தொடாமல்தான் வந்தாய்.

ஐசக்